உதவி தேவை: பரணில் கிடந்த 80-களின் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மைகள், விற்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

காவேரிப்பட்டணத்தான்:
வணக்கம். எங்கள் பெரியப்பா 1986-ல் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது வாங்கி வந்த, ரோபோவாக உருமாறும் மூன்று பொம்மைகள் பரணில் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. ஆப்டிமஸ் பிரைம் லாரி, டேப் ரெக்கார்டராக மாறும் சவுண்ட்வேவ், வெள்ளை விமானம் ஜெட்ஃபயர். வீட்டில் எல்லோரும் பேசி விற்றுவிடலாம் என்று முடிவாகிவிட்டது. பெங்களூரில் ஒருவர் போட்டோ பார்த்துவிட்டு, விமானம் பழுப்பாக இருக்கிறது, பெராக்ஸைடில் ஊறவைத்து வெள்ளையாக்கிக் கொண்டு வா, மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். செய்யலாமா?

இன்னும் சில சந்தேகங்கள். ஜெட்ஃபயரில் டக்காரா என்ற ஜப்பான் பொம்மைக் கம்பெனியின் பெயர் இல்லை, பாண்டாய் என்ற இன்னொரு ஜப்பான் கம்பெனியின் பெயர் அச்சாகியிருக்கிறது. அதில் விரலால் தேய்த்தால் முகம் தெரியும் கறுப்புச் சதுரம் இருக்கிறது, பிரைமில் அது இல்லை. சவுண்ட்வேவில் பேட்டரி போடும் இடம் இருக்கிறது, உள்ளே கம்பியோ ஸ்பிரிங்கோ எதுவும் இல்லை. இவற்றில் எது டூப்ளிகேட், எது ரிப்பேர்?

ஓசூர் ரோபோ:
தம்பி, முதல் வேலையாக அந்தப் பெராக்ஸைடு பாட்டிலை மூடி வையுங்கள். அந்தக் கால ஏபிஎஸ் பிளாஸ்டிக்கும் அதில் தீப்பிடிக்காமல் இருக்கக் கலந்த புரோமின் பொருளும் வெயிலிலும் சூட்டிலும் மாறுவதால்தான் அந்தப் பழுப்பு வருகிறது, நம் ஊர் ஏப்ரல், மே வெயிலில் பரண் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஊறவைத்தால் வெளுக்கும், ஆனால் சில வருடத்தில் திரும்பப் பழுப்பேறலாம், ஸ்டிக்கர் உரிந்துவிடும், நேரம் கூடினால் திட்டுத் திட்டாகவும் போகும். பழுப்பாக இருந்தால் பழுப்பு என்று எழுதி விற்கலாம், வாங்குபவர் அவருக்குப் பிடித்ததைச் செய்துகொள்வார். வெளுத்ததைச் சொல்லாமல் விற்பது ஏமாற்று வேலை, அதற்கு நான் உதவ மாட்டேன்.

உங்கள் சந்தேகங்களுக்கு வருகிறேன். ஜெட்ஃபயரில் பாண்டாய் என்று இருப்பது சரிதான். மற்ற பல பொம்மைகளின் வார்ப்பு அச்சுகள் டக்காராவின் டயக்ளோன், மைக்ரோ சேஞ்ச் என்ற பொம்மை வரிசைகளிலிருந்து வந்தவை, இது மட்டும் பாண்டாய் வழியாக வந்த, மேக்ராஸ் என்ற ஜப்பான் கார்ட்டூன் தொடரின் விமானப் பொம்மை, அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ கம்பெனி தனியாக உரிமம் வாங்கி 1985-ல் விற்றது. தேய்க்கும் சதுரமும் 1985-ல்தான் வந்தது. அதனால் 1984-லேயே வெளிவந்த பிரைமில் அது இல்லாமல் இருப்பது குறையே இல்லை. சவுண்ட்வேவுக்கு மின்சாரமே கிடையாது. அதன் துப்பாக்கியும் தோள் ஏவுகணைக் கருவியும் மடங்கி பேட்டரி வடிவத்துக்கு வரும், அவற்றை வைக்கும் இடம்தான் அது. காலியாக இருக்கிறது என்றால் ஆயுதங்கள் காணோம் என்று அர்த்தம், பெட்டியின் அடியில், துணி மடிப்பில் எல்லாம் நன்றாகத் தேடுங்கள், விலையே அதில்தான் இருக்கிறது.

பாலக்கோடு ரேடியோ:
பிரைம் ஒரிஜினலா என்று பார்க்கக் காந்தம் வைத்துப் பாருங்கள் நண்பரே. பழசு என்றால் இரும்பு இருக்கும், ஒட்டும்.

ஓசூர் ரோபோ:
இல்லைங்க அண்ணா, டை-காஸ்ட் பாகம், அதாவது உருக்கி வார்த்த உலோகப் பாகம், துத்தநாகக் கலவை, அசலிலும் காந்தம் ஒட்டாது. திருகு, அச்சாணி போன்ற எஃகுத் துண்டுகளில்தான் ஒட்டும். இதை நம்பி அசலைப் போலி என்று தள்ளிவிடுவார்கள், அதனால் சொல்கிறேன். தம்பி, பிரைமின் புகைக்குழாய்களைப் பாருங்கள். ஹாஸ்ப்ரோ 2002-ல் மறுபடி வெளியிட்டதில் குழந்தைகள் பாதுகாப்புக்காகக் குழாயைக் குட்டையாக்கிவிட்டார்கள். நீளமாக இருப்பதால் மட்டும் 1984 என்று சொல்லவும் முடியாது, ஜப்பான் மறுவெளியீட்டில் நீளமாகவே உண்டு. அப்புறம், பொம்மை மேல் அச்சிட்டிருக்கும் ஆண்டு பதிப்புரிமை ஆண்டு, அதைத் தயாரித்த ஆண்டு என்று விளம்பரத்தில் போடாதீர்கள். பெரியப்பாவின் பழைய போட்டோவோ பில்லோ இருந்தால் அதைச் சேர்த்துக் கொடுங்கள், அதற்கு மதிப்பு உண்டு.

இப்போது உருமாற்றிப் பார்க்கிற வேலை. மதிய வெயில் தணிந்த பிறகு, மெத்தென்ற துணி மேல் வைத்து மெதுவாக ஒவ்வொரு மூட்டாக அசைத்துப் பாருங்கள், இறுகியிருந்தால் பலம் கொடுக்காதீர்கள், 'இறுகியிருக்கிறது' என்று எழுதிக்கொண்டு அடுத்ததுக்குப் போங்கள். கீல் பக்கத்தில் வெள்ளைக் கோடு தெரிந்தால் அங்கே விரிசல் விழப்போகிறது. தளர்ந்த மூட்டில் பசை போடாதீர்கள். சவுண்ட்வேவில் நெஞ்சுக் கதவின் கீல், பட்டன் அழுத்தினால் கதவு தானாகத் திறக்கிறதா, உள்ளே பஸ்ஸா என்ற கேசட் பறவை இருக்கிறதா பாருங்கள். ஜெட்ஃபயரில் சிவப்புக் கவசத் துண்டுகள் எல்லாம் இருக்கின்றனவா. பளபளக்கும் குரோம் பூச்சு மீது ஸ்பிரிட், சானிடைசர் படவே கூடாது, கையோடு வந்துவிடும். தூசிக்கு உலர்ந்த மெல்லிய பிரஷ் போதும்.

காவேரிப்பட்டணத்தான்:
நன்றி அண்ணா. தேடினதில் தையல் மிஷின் டிராயரில் சவுண்ட்வேவின் துப்பாக்கி கிடைத்தது, ஏவுகணைக் கருவி இல்லை. பறவை கேசட் இருக்கிறது, கதவு சரியாகத் திறக்கிறது. பிரைமில் டிரெய்லரும் குட்டி வண்டியும் இருக்கின்றன, ஒரு கை முஷ்டி காணோம், துப்பாக்கி இல்லை, புகைக்குழாய் நீளம், நுனியில் குரோம் போய்விட்டது. ஜெட்ஃபயரில் சிவப்புத் துண்டு இரண்டு குறைகிறது. முஷ்டியையும் துப்பாக்கியையும் புதிதாக வாங்கிப் போட்டு முழு செட் என்று விற்கலாமா?

ஓசூர் ரோபோ:
போடுங்கள், ஆனால் 'மாற்றுப் பாகம்' என்று தனியாக எழுதி, கையில் பிடித்த போட்டோவும் வையுங்கள். வாங்கும் செலவு அதனால் கூடும் விலையை மிஞ்சினால் போடவே வேண்டாம், இருக்கிறபடியே கொடுங்கள். பொம்மையின் நிலையைக் காட்ட சி8, சி9 என்று தர எண் போடாதீர்கள், ஆளுக்கு ஆள் அதன் அளவு மாறும். இரண்டு உருவத்திலும் ஆறு பக்கமும் பகல் வெளிச்சத்தில் படம், குறைகளுக்கு நெருக்கமான படம், இல்லாத பாகங்களின் பெயர் ஒரு வரியில். விலைக்கு ஈபேயில் 'விற்று முடிந்தவை' என்ற வடிகட்டியைப் போட்டு, இதே பாகங்கள் குறைந்தவற்றை மட்டும் பாருங்கள், கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். மூன்றையும் மொத்தமாகக் கொடுக்க வேண்டாம். பறவையோடு இருக்கும் அந்த சவுண்ட்வேவைத் தனியாகப் போடுங்கள், பெங்களூர்க்காரர் அதற்காகத்தான் மொத்தம் என்று கேட்கிறார் என்பது என் எண்ணம்.

காவேரிப்பட்டணத்தான்:
சரி அண்ணா, பெராக்ஸைடு வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை படம் எடுத்து இங்கேயே போடுகிறேன், விளம்பரம் எழுதும் முன் ஒரு பார்வை பாருங்கள்.