ஆரம்பப் பிரிவில் ஆண் ஆசிரியர்கள்: நாடுகளை எவ்வாறு ஒப்பிடுவது?

படுவான்கரைத் தந்தை:
என் மகன் கற்கும் பாடசாலையில் தரம் 1 முதல் 5 வரை கற்பிப்பவர்கள் அனைவரும் ஆசிரியைகளே. ஆண்கள் எல்லோரும் மேல் வகுப்புகளில் இருக்கிறார்கள். ஆசிரியைகளின் அக்கறையில் ஒரு குறையும் இல்லை. எனினும், இலங்கையைத் தவிர்ந்த ஏனைய நாடுகளிலும் இதே நிலைதானா என்று அறிய விரும்புகிறேன்.

கல்முனை வாசகி:
யுனெஸ்கோ தரவுகளின்படி உலகின் ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பெண்கள். இத்தாலியிலும் ரஷ்யாவிலும் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் பெண்கள். சாட், லைபீரியா போன்ற நாடுகளிலோ ஆண்களே பெரும்பான்மை. அங்கு பெண்பிள்ளைகள் பலர் படிப்பை இடைநிறுத்த நேர்ந்ததும் அதற்கு ஒரு காரணம் என்பதால், ஆண்கள் மிகுந்திருப்பதை முன்னேற்றத்தின் அடையாளமாகக் கொள்ளலாகாது.

அட்டாளைச்சேனை ஓய்வுபெற்ற ஆசிரியர்:
தங்கை சொன்னது சரி. எண்ணிக்கையை விட்டு விகிதத்தையே பாருங்கள். இந்தியாவின் ஆரம்பப் பள்ளிகளில் உள்ள ஆண்கள் மட்டுமே எமது நாட்டின் மொத்த ஆசிரியர்களை விடப் பன்மடங்கு. ஆரம்பக் கல்வி எமக்கு 5 ஆண்டுகள், ஜப்பானில் 6, ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் 4 என்பதையும் கவனிக்க வேண்டும். வயது கூடிய பிள்ளைகளின் வகுப்புகளும் சேர்ந்தால் ஆண்களின் பங்கு சற்று உயரக்கூடும்.

ஏறாவூர் ஆசிரியர்:
நான் தரம் 2க்குக் கற்பிக்கிறேன். "சேர், உங்களுக்கு எப்போது பெரிய வகுப்புத் தருவார்கள்?" என்று பெற்றோர் பரிவோடு கேட்கிறார்கள். இந்த வகுப்பை நான் விரும்பியே கேட்டுப் பெற்றேன்.