பாலே செருப்பு வந்தது மேடையிலிருந்தா, ரேஷனிலிருந்தா?

பின்வரிசை:
ரெண்டு நாளா ஆபீஸ்ல ஓடுற சண்டை, இங்கேயும் இறக்கி வைக்கிறேன். நான் சொன்னது இதுதான்: இன்னைக்குப் பெண்கள் சாதாரணமா போட்டுக்கிற உடுப்புல பாதி பாலேங்கிற ஐரோப்பிய நடன மேடையிலேர்ந்து இறங்கி வந்தது. குதிகால் இல்லாத பாலே ஃப்ளாட்ஸ், லியோடார்ட் (ஆட்டக்காரங்க உடம்போட ஒட்டப் போடுற ஒரே துண்டு உடுப்பு) மாதிரி ஒட்டின பாடிசூட், லெக் வார்மர், குழந்தைங்க நெட் ஃப்ராக், எல்லாம். 1832-ல பாரிஸ் ஓபராவுல 'லா சில்ஃபீட்'ங்கிற பாலே ஆடினப்ப மரீ தாலியோனி போட்ட வெள்ளைப் பாவாடைதான் ஆரம்பம். இல்லைங்கிறவங்க வரலாம்.

தூசிதட்டி:
இல்லை. தாலியோனியின் படத்தையும் அதே வருஷத்து பாரிஸ் சீமாட்டி ஒருத்தியின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தோளை விட்டு இறங்கிய கழுத்து, இறுக்கிய இடுப்பு, மணி மாதிரி விரியும் பாவாடை. மூன்றும் தெருவில் ஏற்கெனவே இருந்தவை. மேடை கொஞ்சம் நீளத்தைக் குறைத்தது, வெள்ளையாக்கியது, அவ்வளவுதான். லியோடார்டுக்கும் பாலே சொந்தம் கொண்டாட முடியாது. 1859-ல் பாரிஸ் சர்க்கஸில் ட்ரபீஸில் பறந்த ழூல் லெயோத்தார் என்பவரின் பெயர் அது. அவர் அதை 'மாயோ' என்றுதான் சொன்னார். ஊர் அவர் பெயரை வைத்துவிட்டது.

பின்வரிசை:
சரி, லியோடார்டை சர்க்கஸுக்கே கொடுத்துட்டேன். ஆனா "கொஞ்சம் நீளம்"னு போற போக்குல சொல்றீங்களே, அதுதான் விஷயமே. 1730-கள்லயே மரீ கமார்கோங்கிற ஆட்டக்காரி பாவாடையைக் கணுக்காலுக்கு மேல ஏத்தினாங்க, காலோட வேகம் தெரியணும்னு. வேலை செய்யிற உடம்புக்காக வெட்டின துணி அது. தெருவுல நடக்கிற பொண்ணுக்குப் பாவாடை கணுக்காலுக்கு மேல ஏறி நிலைக்க முதல் உலகப்போர் வரைக்கும் ஆச்சு. யாரு முன்னால போனது?

தையல்மெஷின்:
நான் ஃப்ராக் தைக்கிறவ. வரலாறெல்லாம் தெரியாது, நெட் தெரியும். முதல் பொறந்தநாள் ஃப்ராக்னா அடியில லைனிங், அதுமேல கேன்கேன்னு சொல்ற விறைப்பான நெட் மூணு அடுக்கு, மேலாப்புல சாஃப்ட் நெட். கேன்கேன் வெட்டின ஓரம் தொடையில உரசினா புள்ள கேக் வெட்டுற வரைக்கும் கூட போட்டிருக்காது, வீல்னு கத்தும். அதனால ஓரத்துக்கு லைனிங் துணியிலயே பட்டி வச்சு மூடுவேன். 20 இஞ்ச் இடுப்புக்கு அஞ்சு மீட்டர் நெட்டைச் சுருக்கணும். மெஷின்ல விட்டு இழுத்தா நூல் அறுந்துரும், கையால ரெண்டு வரி ஓட்டுத்தையல் போட்டுத்தான் இழுக்கணும். அப்பல்லாம் தோணும், இந்த நெட் மில்லுல வராம கையால பின்னுறதா இருந்தா இத்தனை மீட்டரை யாரு வாங்கிப் போட்டிருப்பா? ஆட்டக்காரியா மில்லான்னு கேட்டா நான் மில்லுன்னுதான் சொல்லுவேன்.

தூசிதட்டி:
அக்கா சொன்னது லட்சத்தில் ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் ஜான் ஹீத்கோட் வலைத்துணி பின்னும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கிய பிறகுதான் (1809) அது மலிந்தது. மேடைக்கும் தெருவுக்கும் ஒரே ஆலைதான் துணி போட்டது. நடுவில் ஒரு தமாஷ்: நீங்கள் சொல்லும் கேன்கேன் என்ற பேரும் ஒரு பாரிஸ் ஆட்டத்தின் பேர்தான். ஆனால் பாலே இல்லை, பாவாடையை அள்ளிப் பிடித்துக் காலை வீசும் ஆட்டம்.

பழையபெட்டி:
நெட்டைப் பற்றிப் பேசிக்கொண்டு எம்மா லிவ்ரி என்ற பாலே ஆட்டக்காரியைச் சொல்லாமல் போகிறீர்களே. 1862 நவம்பர், பாரிஸ் ஓபராவில் ஒத்திகை. மேடையோர கேஸ் விளக்கில் அவர் பாவாடை பற்றிக்கொண்டது. எட்டு மாதம் கிடந்து 1863 ஜூலையில் இறந்தார். 21 வயதுகூட ஆகவில்லை. தீப்பிடிக்காமலிருக்க மருந்தில் முக்கியெடுத்த துணி அப்போதே இருந்தது, அணியச் சொல்லி உத்தரவும் இருந்தது. அதில் முக்கினால் பாவாடை விறைத்து அழுக்கு நிறமாகிவிடுகிறது என்று அவர்தான் வேண்டாம் என்றார். மேகம் போல் மிதக்க வேண்டியது அட்டை மாதிரி நின்றால் எந்த ஆட்டக்காரிதான் ஒப்புவாள்? கருகிய மிச்சத்தை ஓபரா அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். அதே காலத்தில் வீட்டில் கணப்படுப்புப் பக்கம் போய், கிரினோலின் கூண்டுப் பாவாடையில் தீப்பிடித்துச் செத்த பெண்களும் நிறைய. எது எதைப் பார்த்து வந்தது என்று நீங்கள் இருவரும் அடித்துக்கொள்கிறீர்கள். எரிந்தது இரண்டு பக்கமும்தான்.

பின்வரிசை:
இதைப் படிச்சுட்டுக் கொஞ்ச நேரம் ஒண்ணும் எழுதத் தோணலை.

ஆனாலும் தலைப்புல இருக்கிற செருப்பை யாரும் தொடலையே! பாரிஸ்ல ரோஸ் ரெபெட்டோ 1947-ல ஆட்டக்கார மகன் ரோலான் பெட்டிக்காக பாலே செருப்பு தைக்க ஆரம்பிச்சாங்க. உள்பக்கம் வெளிய இருக்கத் தைச்சு அப்புறம் திருப்பிப் போடுற முறை, அதான் கையுறை மாதிரி வளையும். 1956-ல பிரெஞ்சு நடிகை பிரிஜித் பார்தோ அதே மாதிரி, ஆனா ரோட்டுல நடக்கிறதுக்கு ஒண்ணு கேட்டாங்க. பார்தோவே பாலே கத்துக்கிட்டவங்க. மேடையிலேர்ந்து நேரா ரோட்டுக்கு. இதுக்கு என்ன பதில்?

தூசிதட்டி:
பதில்: ரேஷன். பார்தோவுக்குப் பத்து வருஷத்துக்கும் முன்னாலேயே, போர்க்காலத்து அமெரிக்காவில் தோல் செருப்புக்குத் தட்டுப்பாடு. 1943-ல் ஆளுக்கு வருஷம் மூன்று ஜோடிதான். ஆட்டச் செருப்பு அந்தக் கணக்கில் வராது. உடை வடிவமைப்பாளர் க்ளேர் மெக்கார்டெல், நியூயார்க்கில் ஆட்டக்காரர்களுக்குச் செருப்பு தைத்துவந்த கபேசியோவிடம் போய், அதற்குக் கீழே கெட்டியான அடி வைத்துத் தரச் சொன்னார். கலை மோகமெல்லாம் இல்லை, கூப்பன் மிச்சம்.

பின்வரிசை:
கூப்பன் மிச்சம்னா போர் முடிஞ்ச அன்னைக்கே கழட்டி எறிஞ்சிருக்கணும். எறியலையே. பஞ்சத்துல கேழ்வரகு சாப்பிட்டவன் அரிசி வந்ததும் கேழ்வரகை மறந்துட்டான். இவங்க மறக்கலைன்னா அதுல ரேஷனைத் தாண்டி என்னமோ இருக்கு.

தூசிதட்டி:
உவமை நன்றாக இருக்கிறது. கேழ்வரகை இப்போது டயட் என்று கிலோ என்ன விலைக்கு வாங்குகிறார்கள் என்று மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள். மற்றபடி செருப்பு விஷயத்தில் முக்கால்வாசி ஒப்புக்கொள்கிறேன். பாவாடையில் இல்லை.

தையல்மெஷின்:
எனக்கு வேற ஒரு சந்தேகம். பாலேல கால்ல மாட்டுற டைட்ஸும் செருப்பும் ஏன் எப்பவும் வெளிர் ரோஸ்?

பழையபெட்டி:
காலும் செருப்பும் ஒரே கோடாகத் தெரியத்தான். ஆனால் யாருடைய கால்? வெள்ளைக்காரக் கால். 1969-ல் நியூயார்க்கில் கறுப்பின ஆட்டக்காரர் ஆர்தர் மிட்செல் தொடங்கிய ஹார்லெம் நடனக் குழுவில் 1970-களிலேயே அவரவர் தோல் நிறத்துக்கு டைட்ஸைச் சாயம் போட்டார்கள், செருப்புக்கு மேக்கப் பூசினார்கள். லண்டனின் ஃப்ரீட் கம்பெனி பழுப்பு நிறத்தில் பாயின்ட் ஷூவை (கால் நுனியில் நின்று ஆடும் செருப்பை)க் கடைக்குக் கொண்டுவர 2018 ஆயிற்று. அதுவரை ஜோடி ஜோடியாகப் பூசிக்கொண்டே இருந்தார்கள்.

தையல்மெஷின்:
அடப்பாவிகளா. போன வாரம்தான் என் பொண்ணுக்கு ஸ்கூல் ஆண்டுவிழாவுக்கு 'ஸ்கின் கலர்' லெக்கிங்ஸ் வாங்கிட்டு வரச் சொன்னாங்க. கடையில கேட்டேன், சந்தனக் கலர்ல ஒண்ண எடுத்துப் போட்டான். எம் பொண்ணு நல்ல மாநிறம். இது யாரு ஸ்கின்னுப்பான்னு கேட்டேன். "அக்கா, அந்தக் கலருக்குப் பேரே அதுதான்"னுட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போயிட்டான்.