புதுப்பிப்பு: ஆச்சி இப்போது 'சொல்லுதேன்' என்கிறாள்

போன வாரம் கேட்டிருந்தேன்: மகளின் பதினோராம் வகுப்பு ஆய்வுக்கு நெல்லைப் பேச்சைப் பதிவு செய்யப் போனால், போனைப் பார்த்ததும் எல்லாரும் செய்தி வாசிப்பதுபோலப் பேசுகிறார்களே, என்ன செய்வது என்று.

வழி கிடைத்துவிட்டது. 1962-இல் நியூயார்க் கடைகளில் மொழியியலாளர் வில்லியம் லபோவ், ஊழியர்கள் 'r' ஒலியை இயல்பாக எப்படிச் சொல்கிறார்கள் என்று பார்க்க, 'fourth floor' (நான்காவது மாடி) என்ற பதில் வரும்படி கேள்வி கேட்டார். காதில் விழாததுபோல இருந்து மறுபடியும் சொல்லவைத்தார். குறிப்பெடுத்தது அப்புறம்தான். மகளும் போனை ஓரமாக வைத்துவிட்டாள். போனைக் கண்டால் 'சொல்கிறேன்' என்ற ஆச்சி, முறுக்கு சுற்றும்போது பக்குவம் கேட்டதும், "ஏளா, பொறு, சொல்லுதேன்" என்றாள். சென்னையில் 'சொல்றேன்' என்பார்கள். அந்த 'த' எனக்கே புல்லரித்தது.

பிறகு ஆச்சியிடம் விவரம் சொல்லி, சம்மதம் வாங்கித்தான் நோட்டில் எழுதினாள். அடுத்து, பள்ளிப் பிள்ளைகளிடம் அந்த 'த' இருக்கிறதா என்று பார்க்கப் போகிறாள்.