ஓம்ஸ்கில் போன மூன்று வருடம்: யாகர் கணக்கு சரியா, தப்பா?

பனியறியாதவன் எழுதியது:

வணக்கம். நான் மதுரைக்காரன், ஃப்ரிட்ஜுக்குள் தவிர வேறெங்கும் பனியைப் பார்த்தது கிடையாது. தூக்கம் வராத ஒரு ராத்திரி யூடியூபில் ஐஸ் ஹாக்கி ஆட்டம் ஒன்று கண்ணில் பட, இப்போது அதிலிருந்து மீள முடியாமல் கிடக்கிறேன். அதிலும் யாரோமிர் யாகர் என்ற செக் நாட்டுக்காரர். அந்த ஆள் பக்கை (பந்துக்குப் பதிலாக அடிக்கும் ரப்பர் வட்டு) தன் உடம்புக்கு அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு, முதுகில் ரெண்டு பேரைச் சுமந்தபடி கோல் பக்கம் போவதைப் பார்த்தால் ஜல்லிக்கட்டு மாட்டுத் திமில்தான் ஞாபகம் வருகிறது.

கேள்வி இதுதான். வட அமெரிக்காவின் பெரிய லீக்கான என்எச்எல்லில் அவர் 1733 ஆட்டங்கள் ஆடி 766 கோல், 1155 அசிஸ்ட், மொத்தம் 1921 பாயின்ட் எடுத்திருக்கிறார் (கோல் போட்டாலும் ஒரு பாயின்ட், கோலுக்குக் கைகொடுத்தாலும் ஒரு பாயின்ட்). அவருக்கு மேலே இருப்பவர் வேய்ன் கிரெட்ஸ்கி மட்டும்தான். 2000 பாயின்டைத் தாண்டியவரும் கிரெட்ஸ்கி ஒருவர்தான். யாகருக்குக் குறைந்தது வெறும் 79.

இப்படிப்பட்ட ஆள் 2008ல், 36 வயதில், நியூயார்க் ரேஞ்சர்ஸை விட்டு சைபீரியாவில் இருக்கும் ஓம்ஸ்க் நகரத்து அவாங்கார்ட் அணிக்குப் போய் மூன்று சீசன் ஆடுகிறார். போவதற்கு முந்தைய சீசனில் அவர் எடுத்தது 71, திரும்பி வந்த சீசனில் 54. ஆக அந்த மூன்று வருடம் அமெரிக்காவிலேயே இருந்திருந்தால் 79 ஒரு பெரிய விஷயமே இல்லையே? பணத்துக்காகப் போனாரா, கோபத்தில் போனாரா? கையில் கிடைத்ததைத் தானே தட்டிவிட்டாரோ என்று எனக்குப் படுகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நீலக்கோடு எழுதியது:

பணம் ஒரு காரணம், அதை மறைக்க வேண்டியதில்லை. 2001ல் வாஷிங்டன் அணி அவருக்கு ஏழு வருடத்துக்கு 7.7 கோடி டாலர் எழுதிக் கொடுத்தது. அந்தக் காலத்தில் அதைவிடப் பெரிய ஒப்பந்தம் ஹாக்கியில் கிடையாது. நடுவில் நியூயார்க்குக்கு மாற்றப்பட்டார், அங்கே 2005-06ல் 54 கோல், 123 பாயின்ட், ரெண்டுமே இன்றைக்கும் அந்த அணியின் சாதனை. ஒப்பந்தம் 2008ல் முடிந்தது. குறிப்பிட்ட இலக்கைத் தொட்டால் இன்னொரு வருடம் தானாக நீளும் என்று அதில் ஒரு ஷரத்து இருந்தது, அதை அவர் தொடவில்லை. அந்த நேரம் பார்த்து ரஷ்யாவில் பழைய சூப்பர் லீக்கைக் கலைத்துவிட்டு கேஎச்எல் என்று புதுசாக ஆரம்பிக்கிறார்கள், எண்ணெய்ப் பணம் புரள்கிறது, கடைக்கு முன்னால் மாட்ட ஒரு பெரிய போர்டு தேவைப்படுகிறது. அந்த போர்டுதான் யாகர். ரஷ்யாவில் அப்போது வருமான வரி எல்லோருக்கும் ஒரே 13 சதவீதம். நியூயார்க்கில் அதே சம்பளம் வாங்கினால் கைக்கு வருவது பாதிக்குக் கொஞ்சம் மேலே. சரி, நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

ஆனால் ஓம்ஸ்க் அவருக்குப் புது ஊர் இல்லை. 2004-05ல் என்எச்எல் முதலாளிகள் ஒரு சீசன் முழுக்கக் கதவடைப்பு செய்தபோது, முதலில் சொந்த ஊர் கிளாட்னோவில் ஆடினார், அப்புறம் ஓம்ஸ்க் போனார். 2005 ஜனவரியில் ஐரோப்பிய சாம்பியன்ஸ் கோப்பையை அந்த அணி ஜெயித்தபோது அவரும் உள்ளே இருந்தார். ஆக 2008ல் போனது கண் தெரியாத இடத்துக்கு இல்லை, ஏற்கெனவே கொண்டாடிய ஊருக்குத்தான்.

எனக்கு இதில் வேடிக்கையாகப் படுவது வேறு. அவர் முதுகில் இருக்கும் 68 என்ற எண் 1968ஐக் குறிப்பது. அந்த வருடம் ஆகஸ்டில்தான் சோவியத் டாங்கிகள் பிராகாவுக்குள் நுழைந்தன. அவருடைய தாத்தா கூட்டுப்பண்ணைக்கு ஒத்துக்கொள்ளாமல் சிறைக்குப் போனவர், அவர் இறந்ததும் அதே 1968ல். பள்ளிக்கூடத்தில் பேரன் ரொனால்ட் ரீகன் படத்தைப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்திருந்தான், அதுவும் கம்யூனிஸ்ட் ஆட்சி நடந்த செக்கோஸ்லோவாக்கியாவில். அந்தப் பையன் வளர்ந்து அதே 68ஐப் போட்டுக்கொண்டு சைபீரியாவில் ரஷ்ய ரசிகர்களின் கைதட்டல் வாங்குகிறான். 2009 ஜனவரியில் கேஎச்எல்லின் முதல் ஆல் ஸ்டார் ஆட்டத்தை மாஸ்கோ செஞ்சதுக்கத்தில் திறந்தவெளியில் ஐஸ் போட்டு நடத்தினார்கள். ஒரு அணியின் பெயர் ரஷ்ய வீரர் யாஷின் பெயரில் யாஷின் அணி, இன்னொன்று யாகர் அணி. கிரெம்ளின் சுவருக்குப் பக்கத்தில் 68! பழி தீர்ப்பதில் இதுவும் ஒரு வகையோ என்னவோ. அடுத்த வருடம் 2010 உலக சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தில் ஓவெச்கின், மால்கின், டட்சியுக் என்று நட்சத்திரங்கள் எல்லோரும் இருந்த ரஷ்யாவை செக் அணி 2-1 என்று சாய்த்தது. அப்போதும் அவர் ஓம்ஸ்கில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த ஆள்தான். ஜெர்மனியில் போய் ஜெயித்துவிட்டுத் திரும்ப வேலைக்குப் போனார்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஓம்ஸ்க், ஓம்ஸ்க் என்று அந்த ஊரையே திட்டாதீர்கள். 79ஐத் தின்றது ஓம்ஸ்க் இல்லை, கதவடைப்பு. யாகர் காலத்தில் அது மூன்று முறை வந்தது.

1994-95ல் அணிக்கு 48 ஆட்டம் மட்டும் நடந்தது. அதில் அவர் எடுத்தது 70, எரிக் லிண்ட்ரோஸும் 70, கோல் கூட இருந்ததால் யாகருக்கு முதலிடம். வயது 23. அதே வேகத்தில் மீதி சீசனும் நடந்திருந்தால் இன்னும் 50 வந்திருக்கும், அதுவும் குறைத்துச் சொல்கிறேன், ஏனென்றால் அடுத்த சீசனில் அவர் எடுத்தது 149. பிறகு 2004-05, முழு சீசனும் போச்சு. அதற்கு முந்தைய சீசனில் 74, அதற்கு அடுத்ததில் 123. நடுவில் போன வருடத்துக்கு நீங்களே ஒரு எண் போட்டுக்கொள்ளுங்கள். கடைசியாக 2012-13, மறுபடி 48 ஆட்டம். இந்த மூன்றில் 2004-05ஐ மட்டும் திருப்பிக் கொடுத்தாலே அவர் 2000 பக்கம் வந்துவிடுவார், மூன்றையும் கொடுத்தால் ஓம்ஸ்க் போன பிறகும் தாண்டிவிடுவார். அவராக விட்டது மூன்று வருடம். முதலாளிகள் பிடுங்கியதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

இன்னொன்று, 2008ல் அங்கேயே இருந்திருந்தால் வருடத்துக்கு 60 வந்திருக்கும் என்று எல்லோரும் கோடு போட்டு நீட்டுகிறார்கள். 36, 37, 38 வயதில் என்எச்எல்லில் வருடத்துக்கு 82 ஆட்டம், அதுக்கு மேல் பிளேஆஃப். கேஎச்எல் முதல் சீசனில் 56தான். அந்த மூன்று வருடம் முட்டியைக் கொஞ்சம் காப்பாற்றியதால்தான் 45 வயது வரை அமெரிக்காவில் ஓட முடிந்தது என்பது என் அபிப்பிராயம். அங்கேயே இருந்திருந்தால் 40ல் கடையைக் கட்டியிருப்பார். இதை நிரூபிக்க முடியாது, ஆனால் உங்கள் கணக்கையும் நிரூபிக்க முடியாதே.

ரொறன்ரோக்குளிர் எழுதியது:

நான் கனடாவில் இருக்கிறேன், மகன் ஹொக்கி விளையாடுகிறான், குளிர்காலத்துச் சனிக்கிழமை விடிய ஆறு மணிக்கு ரிங்கில் கோப்பியோடு நடுங்கிக்கொண்டு நிற்கிற தகப்பன்மாரில் நானும் ஒருவன். பொயின்ற் கணக்கு எல்லாம் நல்லாத்தான் இருக்கிறது, ஆனால் வேற்று நாட்டில் போய் விளையாடுகிறவனின் பாடு என்ன என்று ஒருவரும் எழுதவில்லையே.

யாகர் 1990ல் பிற்ஸ்பேர்க் வந்தபோது 18 வயது, ஆங்கிலம் தெரியாது. டிராஃப்டில், அதாவது கழகங்கள் முறைபோட்டு இளம் வீரர்களைத் தெரிவு செய்கிற நிகழ்வில், ஐந்தாவதாக எடுத்தார்கள். அதுவரைக்கும் செக்கோஸ்லோவாக்கிய விளையாட்டுக்காரன் என்எச்எல் வரவேண்டும் என்றால் பெரும்பாலும் நாட்டை விட்டு ஓடித்தான் வரவேண்டும். இவர் ஓடாமல், கடவுச்சீட்டோடு வந்து டிராஃப்ட் மண்டபத்திலேயே உட்கார்ந்திருந்த முதல் ஆள். சுவர் விழுந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வந்த இடத்தில் பெடியனுக்கு வீட்டு நினைவு, ஒரு செக் குடும்பத்தோடு தங்க வைத்தார்கள், அப்படியும் சரிவரவில்லை. அந்த டிசம்பரில் கழகம் என்ன செய்தது தெரியுமா, கல்கரியில் இருந்து யிர்ஷி ஹெர்டினா என்ற வயது போன செக் வீரரை வாங்கியது. பெடியனோடு தாய்மொழியில் கதைக்க ஒரு ஆள் வேண்டும் என்பது அதற்கு முக்கிய காரணம். பிறகு பார்த்தால் 1991, 1992 என்று அடுத்தடுத்து என்எச்எல் சம்பியனுக்குக் கொடுக்கிற ஸ்ரான்லி கிண்ணம். புலம்பெயர்ந்த எங்களுக்கு இது விளங்கும் அண்ணா, வேலை இடத்தில் எங்கட பாஷை கதைக்கிற ஒருவர் இருந்தால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று.

ரஷ்யாவில் அப்போது நிலைமை வேறு. ஒரு பக்கம் லாத்வியாவின் ரீகா, மற்றப் பக்கம் சீன எல்லைக்குக் கிட்ட கபரோவ்ஸ்க், இதற்கிடையில் பறந்து பறந்து விளையாட வேண்டியிருந்தது. ஓம்ஸ்கில் இருந்து மொஸ்கோவே 2200 கிலோமீற்றருக்கு மேல். ஆட்டத்துக்கு முதல் வீரர்களை வீட்டுக்கு விடாமல் 'பாஸா' என்கிற முகாமில் அடைத்து வைப்பது அங்கே பழைய வழக்கம். வெளிநாட்டு ஆட்களுக்கு எண்ணிக்கைக் கட்டுப்பாடும் உண்டு, அதனால் கழகம் தோற்றால் முதலில் கண் போவது அவர்கள் மேலதான்.

அங்கே போய்ச் சில கிழமைகளிலேயே, 2008 ஒக்டோபர் 13, மொஸ்கோவுக்குத் தெற்கே செகோவ் என்ற ஊரில் ஆட்டம். அலெக்ஸே செரெபனோவ் என்ற 19 வயதுப் பெடியன் யாகரோடு ஒரே வரிசையில் விளையாடிவிட்டு வாங்கில் வந்து இருக்கிறான், பக்கத்தில் யாகர். அப்படியே சரிந்துவிட்டான். அம்புலன்ஸ் ஏற்கெனவே போய்விட்டது, திருப்பிக் கூப்பிட வேண்டி வந்தது, இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கிற கருவியில் பற்றரி இல்லை. பெடியன் போய்விட்டான். அவனை அதற்கு முந்தின வருடம் டிராஃப்டில் எடுத்து வைத்திருந்தது யாகர் விட்டுவிட்டு வந்த அதே நியூயோர்க் ரேஞ்சர்ஸ்தான். 2011ல் யாகர் அமெரிக்கா திரும்பினார், அந்த செப்ரெம்பர் 7ஆம் திகதி அதே கேஎச்எல்லில் இருந்த யாரோஸ்லாவ்ல் அணியின் விமானம் விழுந்து 44 பேர் செத்தார்கள். அதில் மூன்று பேர் செக் வீரர்கள், தேசிய அணியில் யாகரோடு விளையாடியவர்கள்.

இதையெல்லாம் கண்ணால் பார்த்த மனுசனிடம் போய் 79 பொயின்ற் போச்சே என்று கேட்டால் அவர் என்ன சொல்லுவார் என்று நினைக்கிறீர்கள்?

பனியறியாதவன் எழுதியது:

செரெபனோவ் விஷயம் எனக்குத் தெரியாது. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஃபோனைக் கீழே வைத்துவிட்டேன். "கையில் கிடைத்ததைத் தட்டிவிட்டார்" என்று எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கணக்குப்பிள்ளை, உங்கள் கதவடைப்புக் கணக்கை உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் வருகிறது. ஆனால் ஓம்ஸ்க் முட்டியைக் காப்பாற்றியது என்பதை மட்டும் நம்ப மாட்டேன், அத்தனை விமானப் பயணமும் ஓய்வா?

இன்னொரு சந்தேகம். 2011ல் திரும்பியபோது முதலில் ஆடிய பிட்ஸ்பர்க்குக்கே போயிருக்கலாமே? 2018க்குப் பிறகு கிளாட்னோவில் என்னதான் செய்தார்?

நீலக்கோடு எழுதியது:

பிட்ஸ்பர்க்கும் கூப்பிட்டது. வருகிறார் என்று நம்பி ரசிகர்கள் அவர் வரும் விமானத்தை இணையத்தில் பின்தொடர்ந்துகொண்டிருந்தார்கள். அவரோ 33 லட்சம் டாலருக்கு, பிட்ஸ்பர்க்கின் பரம எதிரியான பிலடெல்பியாவில் கையெழுத்து போட்டார். அந்த டிசம்பரில் பிட்ஸ்பர்க் ரிங்குக்கு வந்தபோது ஊரே ஊளையிட்டது, அவர் ஒரு கோல் போட்டுவிட்டு அவர்களுக்கு சல்யூட் வைத்தார். அப்புறம் டல்லஸ், பாஸ்டன், நியூ ஜெர்சி, ஃபுளோரிடா, கல்கரி என்று நாடோடிப் பிழைப்பு. கல்கரியில் 22 ஆட்டம், ஒரே கோல். 2018 ஜனவரியில் அங்கிருந்து கிளாட்னோ.

கிளாட்னோ பிராகா பக்கத்தில் ஒரு இரும்பாலை ஊர். அந்தக் கிளப்புக்கு ரொம்ப வருடம் முதலாளியாக இருந்ததே அவர்தான். முதலாளியே இறங்கி ஆடினால்தான் கூட்டம் வந்தது, விளம்பரதாரர் வந்தார். 2019ல் மேல் பிரிவுக்கு ஏறினார்கள், 2020ல் இறங்கினார்கள், 2021ல் மறுபடி ஏறினார்கள். கடைசி ஆளாகக் கடையைப் பூட்டிவிட்டுப் போகிற அண்ணாச்சி மாதிரிதான் அவர் நிலைமை இருந்தது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஒரு விஷயம் விட்டுப்போச்சு. ஊளையிட்ட அதே பிட்ஸ்பர்க் 2024 பிப்ரவரி 18 அன்று அவரைக் கூப்பிட்டு, அந்த அணியில் இனி யாரும் 68 போடக் கூடாது என்று அந்த எண்ணை நிரந்தரமாகக் கூரையில் ஏற்றியது, அவருக்கு அப்போது வயது 52. விழா முடிந்து ஊருக்குப் போனவர் அடுத்த சீசனிலும் கிளாட்னோ சட்டை போட்டு இறங்கினார்.

அந்த விழாவுக்கு அடுத்த மாதம் பிட்ஸ்பர்க்கில் ரசிகர்களுக்கு இலவசமாகக் கொடுக்க யாகர் உருவத்தில் தலையாட்டி பொம்மை செய்து வரவழைத்தார்கள், நம்ம தஞ்சாவூர் பொம்மை மாதிரி. கலிஃபோர்னியா வந்த சரக்கை வழியில் யாரோ ஆட்டையைப் போட்டுவிட்டார்கள். ரிங்குக்கு வந்த ரசிகர்கள் கையில் பொம்மைக்குப் பதிலாக ஒரு டோக்கன். பிறகு கண்டுபிடித்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது.