மாசி வீதி குடும்பம்: முருகேசன் சித்தப்பாவின் ரெக்கார்டு பெட்டிகள்

வாட்ஸ்அப் குழு: மாசி வீதி குடும்பம்
வியாழன்

அபி: எல்லோரிடமும் ஒன்று கேட்க வேண்டும். கலிபோர்னியா செரிட்டோஸ் வீட்டுச் சாவியைத் திங்கட்கிழமை கொடுக்கணும், சனிக்கிழமை காலை 9 மணிக்கு லாரி வருகிறது. உள்ளே இருந்ததை எல்லாம் கட்டியாச்சு. கராஜில் அப்பாவின் ரெக்கார்டுகள்தான் பாக்கி, நான்கு பெரிய பெட்டி. பழைய ரெக்கார்டு வாங்குகிற கடைக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். அம்மாவும் கொடுத்துவிடலாம் என்கிறாள். யாருக்காவது வேண்டுமா?

அபி: [படம்] [படம்] [படம்]

பாலு மாமா: கொடுத்துரு கண்ணு. டாலஸ் வரை சுமந்து போய் அங்கேயும் கராஜில்தானே வைக்கப் போகிறாய்

கலா அத்தை: அபி அந்த வெட் கிரைண்டர் என்ன ஆச்சு

செந்தில்: அபி, தயவுசெய்து கொடுக்காதே. மூன்றாவது படத்தில் ஓரத்தில் ஒரு எல்பி தெரிகிறது, அதன் மேல் ரோலின் ராக் என்று எழுதியிருக்கிறதா பார். இருந்தால் அது 1980ல் வந்த, ப்ளாஸ்டர்ஸ் என்கிற பாட்டுக் குழுவின் முதல் ரெக்கார்டு. அந்தக் கம்பெனி வான் நைஸில் ரானி வைசர் என்பவர் வீட்டிலிருந்தே நடத்தியது. 50களில் பாடிவிட்டு எல்லோரும் மறந்துபோன ரே காம்பி, மேக் கர்ட்டிஸ் மாதிரி ஆட்களைத் தேடிப் பிடித்துத் திரும்பப் பாட வைத்தவர் அவர். ரே காம்பி பள்ளிக்கூட வாத்தியாராக வேலை பார்த்துக்கொண்டே ஆளுயர பேஸ் என்கிற தந்தி வாத்தியத்தைத் தட்டி வாசித்தவர், 2021ல் இறந்தார். ப்ளாஸ்டர்ஸின் அந்த ரெக்கார்டு 1997ல் சிடியாக வந்தது. முதல் எல்பி எளிதில் கிடைக்காது. கடைக்காரர் மொத்தமாகக் கேட்பதே அதனால்தான் இருக்கும்.

கார்த்தி: மச்சான் ஆரம்பிச்சாச்சு 😀

அபி: ரோலின் ராக் என்றுதான் இருக்கிறது அண்ணே

பாலு மாமா: எவ்வளவு போகும்?

செந்தில்: விலைக்காகச் சொல்லவில்லை மாமா.

பாலு மாமா: நான் விலைக்காகத்தான் கேட்கிறேன்

கலா அத்தை: கிரைண்டர்

மீனா சித்தி: மதினி அது ஆர்ட்டீசியாவில் வாங்கியது, 110 வோல்ட். மதுரையில் போட்டால் புகைந்துவிடும்

கலா அத்தை: சரி. அப்போ உருளி

மீனா சித்தி: உருளி மாமியார் எனக்குக் கொடுத்தது

கலா அத்தை: நான் ஒன்றும் சொல்லவில்லையே

ராஜு பெரியப்பா: [படம்: இனிய காலை வணக்கம், தாமரை]

கார்த்தி: மாமா உங்களுக்குத்தான் காலை, அங்கே ராத்திரி

அபி: இந்தப் பல்லைக் காட்டுகிற ஆள் யார்? சின்ன வயதில் இந்த அட்டையைப் பார்த்தால் பயமாக இருக்கும்

செந்தில்: அதுதான் ஃபில் ஆல்வின். 1981ல் ஸ்லாஷ் கம்பெனியில் வந்த எல்பி, அவர் முகத்தை வியர்வையோடு வரைந்திருப்பார்கள், பாடும்போது அப்படியேதான் இருப்பார். ப்ளாஸ்டர்ஸில் பாடுகிறவர். ஃபில்தான் அண்ணன், 1953ல் பிறந்தவர். தம்பி டேவ் ஆல்வின், 1955. சொந்த ஊர் டவுனி, சித்தப்பா வேலைக்குப் போன அதே ஊர். அதனால்தான் அவருக்கு அவ்வளவு பிரியம். ஜான் பாஸ் பேஸ், பில் பேட்மன் டிரம்ஸ், பிறகு ஜீன் டெய்லர் பியானோ. எல்லோரும் பக்கத்து ஊர்க்காரர்கள். 1979ல் குழு ஆரம்பித்தார்கள். அண்ணன் தம்பியின் அப்பா எஃகுத் தொழிலாளர் சங்கத்து ஆள். டவுனியில் அப்போது அப்பல்லோ விண்கலம் செய்த தொழிற்சாலை இருந்தது, பிறகு ஸ்பேஸ் ஷட்டில் வேலையும் அங்கே நடந்தது. வேலைக்காரர்கள் ஊர். அந்தப் பாட்டுகளில் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிறவன்தான் கதாநாயகன்.

கார்த்தி: டவுனியில்தானே உலகத்தின் மிகப் பழைய மெக்டொனால்ட்ஸ் இருக்கிறது, மாமா என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனார்

அபி: ஆமா 1953ல் கட்டியது, இன்னும் நடக்கிறது. வருகிற எல்லோரையும் அப்பா அங்கே கூட்டிக்கொண்டு போவார்

மீனா சித்தி: அவர் காபி மட்டும் குடிப்பார். உருளைக்கிழங்கு எல்லாம் கார்த்தி தின்றான்

பாலு மாமா: விஷயத்துக்கு வாங்க

கலா அத்தை: எனக்கு ஒன்று புரியவில்லை, இது என்ன பாட்டு? முருகேசன் வந்தால் அந்தக் கேசட்டைப் போடுவான், சத்தம்தான் கேட்கும்

செந்தில்: [குரல் பதிவு 4:12]

கலா அத்தை: எழுது, எனக்குக் காது கேட்காது

செந்தில்: சரி அத்தை. ராக்கபில்லி என்பது 1954ல் மெம்ஃபிஸில் சன் ஸ்டூடியோவில் எல்விஸ் பாட ஆரம்பித்தபோது பிடித்த வேகம். வெள்ளைக்காரக் கிராமத்துப் பாட்டும் கறுப்பர்களின் ப்ளூஸும் ஒன்றாக ஓடுவது. முதலில் டிரம்ஸே கிடையாது. கிட்டாருக்கு ஸ்காட்டி மூர், பேஸுக்கு பில் ப்ளாக், அவ்வளவுதான். பில் ப்ளாக் கம்பியை இழுத்து விடுவார், அது கட்டையில் டக்கென்று அடிக்கும், தவில்காரர் வராத கல்யாணத்தில் நாதஸ்வரக்காரரே தாளத்தையும் பார்த்துக்கொண்ட மாதிரி. அப்புறம் இரண்டு டேப் மெஷின் வைத்துக் குரலை ஒரு நொடிக்கும் குறைவாகத் தள்ளித் திரும்ப விடுவார்கள். உங்களுக்குச் சத்தமாகக் கேட்டது அந்த எதிரொலியாக இருக்கலாம். ஆனால் ப்ளாஸ்டர்ஸை வெறும் ராக்கபில்லி என்று சொல்ல முடியாது, ப்ளூஸ், ஜம்ப், நியூ ஆர்லியன்ஸ் என்று மற்ற பாணிகளும் உண்டு. லீ ஆலன் என்று ஒரு சாக்ஸபோன் பெரியவர், ஃபேட்ஸ் டாமினோவுக்கும் லிட்டில் ரிச்சர்டுக்கும் வாசித்தவர், இந்தப் பையன்கள் குழுவில் வந்து வாசித்தார். அண்ணன் தம்பி இருவரும் பள்ளிக்கூட வயதிலேயே மெல்ரோஸ் அவென்யூவில் ஆஷ் க்ரோவ் என்ற கிளப்புக்குப் போய் பிக் ஜோ டர்னர், டி-போன் வாக்கர் எல்லோரையும் நேரில் கேட்டு, பின்னாலேயே சுற்றிப் பழகியவர்கள். படித்துத் தெரிந்துகொண்டதில்லை, பெரியவர்கள் காலடியில் இருந்து வாங்கிக்கொண்டது. சித்தப்பா அதைத்தான் எப்போதும் சொல்வார்.

கார்த்தி: 👏👏

கலா அத்தை: நாதஸ்வரம் என்றதும் ஞாபகம் வந்தது. முருகேசனுக்கு வருஷத் திதி எப்போது, மதுரையிலா டாலஸிலா? ஐயரிடம் சொல்லணும்

மீனா சித்தி: டாலஸில்தான் மதினி. என்னால் இப்போது பயணம் முடியாது

கலா அத்தை: பிறந்த ஊரில் செய்ய வேண்டாமா

பாலு மாமா: அக்காவால் முடியாது என்றால் முடியாது

கலா அத்தை: பாலு இது எங்கள் வீட்டு விஷயம்

அபி: அத்தை, மாமா, ப்ளீஸ். முதலில் பெட்டி

வெள்ளி

அபி: கடைக்காரர் போன் பண்ணினார், இன்று மாலைக்குள் சொல்லணுமாம்

செந்தில்: நான் சான் ஹோசேயிலிருந்து இன்று ராத்திரி கிளம்பி வருகிறேன், காலையில் அங்கே இருப்பேன். ப்ளாஸ்டர்ஸ், டேவ் ஆல்வின் தனியாகப் போட்டது, லோஸ் லோபோஸ், ரே காம்பி இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், மீதியை அவரிடம் கொடு. லோஸ் லோபோஸையும் சேர்ப்பது ஏன் என்றால், கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் பையன்களான அவர்களை ஸ்லாஷ் கம்பெனிக்குச் சிபாரிசு செய்ததே ப்ளாஸ்டர்ஸ்தான், ப்ளாஸ்டர்ஸின் சாக்ஸபோன்காரர் ஸ்டீவ் பெர்லின் 1984ல் அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டார். இன்னொன்று, தட்டுகளைப் படுக்க வைக்காதே, நிமிர்த்தி வை. லாரிக்குள் வெயில் ஏறினால் வளைந்துவிடும், டெக்சஸ் வரை அப்படிக் கொண்டுபோகவே கூடாது.

பாலு மாமா: நல்லதை நீ எடுத்துக்கொண்டால் அவர் மீதியை அதே விலைக்கு எடுப்பாரா?

அபி: அதுதான் நானும் யோசித்தேன் அண்ணே

செந்தில்: குறைவதை நான் சித்திக்குக் கொடுத்துவிடுகிறேன்.

மீனா சித்தி: பணம் எல்லாம் வேண்டாம் செந்தில். நீ இங்கே தங்கிப் படித்தபோது இரண்டு பேரும் ராத்திரி எல்லாம் இதைத்தான் போட்டுக்கொண்டு இருப்பீர்கள்

கார்த்தி: அந்த ஃபில் ஆல்வின் லாங் பீச் காலேஜில் கணக்கு வாத்தியார் என்று மாமா சொல்வார், உண்மையா?

செந்தில்: உண்மைதான். கணிதத்தில் முதுகலை படித்தவர், அங்கே பாடமும் எடுத்தார்.

கலா அத்தை: கணக்கு வாத்தியாரா இப்படிப் பல்லைக் காட்டுகிறார்

செந்தில்: ஆமா அத்தை 😀 ஆனால் எளிதாக எதுவும் கிடைக்கவில்லை அவர்களுக்கு. 1980ல் குவீன் குழு அமெரிக்காவில் சுற்றியபோது சில ஊர்களில் இவர்களை முதலில் வாசிக்க விட்டார்கள், கூட்டம் கூச்சல் போட்டு விரட்டப் பார்த்தது, இவர்கள் நின்று வாசித்தார்கள். டேவ் எழுதிய ஒரு பாட்டை அதே வருஷம் ஷேக்கின் ஸ்டீவன்ஸ் பாடி இங்கிலாந்தில் ஹிட் ஆனது, பாடினவருக்குத்தான் பெயர். தம்பி எழுதுவார், அண்ணன் பாடுவார், அதிலேயே பிரச்சினை. என் வார்த்தையை நீ எப்படிப் பாடலாம் என்று ஒருவர், என் குரலுக்கு நீ ஏன் இப்படி எழுதுகிறாய் என்று இன்னொருவர். மேடையிலேயே சண்டை. 1986ல் தம்பி வெளியே போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்த ஹாலிவுட் ஃபேட்ஸ் என்கிற அருமையான கிட்டார்காரர் அதே டிசம்பரில் 32 வயதில் இறந்துபோனார். அதற்குப் பிறகு அண்ணனும் தம்பியும் தனித்தனி. 2002ல் பழைய ஆட்கள் எல்லோரும் சேர்ந்து சில கச்சேரி வாசித்தார்கள், ஆனால் இரண்டு பேரும் உட்கார்ந்து புதிதாக ஒரு ரெக்கார்டு போடவில்லை. யார் கச்சேரிக்குப் போனாலும் ஜனம் கேட்கிற கேள்வி ஒன்றுதான், உன் அண்ணன் எங்கே, உன் தம்பி எங்கே. 2011ல் டேவ் அதையே ஒரு பாட்டாக்கி அண்ணனையும் கூட்டி வந்து பாட வைத்தார்.

கலா அத்தை: இதை யாருக்குச் சொல்கிறாய் செந்தில்

செந்தில்: யாருக்கும் இல்லை அத்தை. ரெக்கார்டைப் பற்றித்தான் சொல்கிறேன்.

கலா அத்தை: உன் அப்பாவும் இந்த குரூப்பில்தான் இருக்கிறார்

ராஜு பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கார்த்தி: மாமா என்ன எழுதினீர்கள்

பாலு மாமா: அந்த வீட்டுக் கையெழுத்து விஷயம் முடிந்துபோன கதை. இப்போது எதற்கு

கலா அத்தை: அந்தப் பேச்சை யார் எடுத்தது? நான் எடுக்கவில்லை

அபி: பெரியப்பா?

ராஜு பெரியப்பா: அப்புறம் என்ன ஆனது. அந்த இரண்டு பேர்

செந்தில்: 2012ல் ஃபில் ஸ்பெயினில் கச்சேரிக்குப் போன இடத்தில், வலென்சியாவில், தொண்டையில் சீழ் கட்டி மூச்சு அடைத்து ஆஸ்பத்திரியில் இதயமே நின்றுவிட்டது அப்பா. கழுத்தில் துளை போட்டுக் காப்பாற்றினார்கள். பிழைத்து வந்த பிறகு இருவரும் பேசி, 2014ல் ஒரு ரெக்கார்டு போட்டார்கள். இருவருமே சிறுவயதில் இருந்து கேட்ட, பழைய ப்ளூஸ் பாடகர் பிக் பில் ப்ரூன்ஸியின் பாட்டுகள், மொத்தம் 12. இதில் நீ எழுதியது, நான் எழுதியது என்ற பேச்சே இல்லை. 1985க்குப் பிறகு சேர்ந்து போட்ட முதல் முழு ஸ்டூடியோ ரெக்கார்டு. கிராமி விருதுக்குப் பரிந்துரையும் ஆனது. மறு வருஷமே இன்னொன்று போட்டார்கள், அதில் நான்கு பாட்டு பிக் ஜோ டர்னருடையது. 2014ல் வந்ததைக் கேட்டால் தெரியும், ஒருவர் குரல் முடிகிற இடத்தில் இன்னொருவர் குரல் சரியாக வந்து நிற்கும். என்னைக் கேட்டால் இளமையில் போட்ட எதையும்விட அதுதான் சிறந்தது, குரல் வயதாகித் தேய்ந்திருக்கிறது, ஆனால் யாரும் யாரையும் முந்தப் பார்க்கவில்லை.

மீனா சித்தி: அது வந்த புதிதில் இவர் இரண்டு மாசம் வேறு எதையும் போடவில்லை. அண்ணன் கேட்டால் நன்றாக இருக்கும், ஆனால் அவருக்குப் பொறுமை கிடையாது என்பார்

ராஜு பெரியப்பா: எனக்குப் பொறுமை உண்டு. அவன் ஒரு தடவைகூடப் போட்டுக் காட்டவில்லை

மீனா சித்தி: நீங்கள் வரவில்லையே அத்தான்

ராஜு பெரியப்பா: கூப்பிடவில்லையே

கலா அத்தை: இரண்டு பேரும் நிறுத்துங்கள். நான் இரண்டு பக்கமும் போன் பண்ணிச் சலித்தவள்

கார்த்தி: மாமா, யூடியூபில் இருக்கும், லிங்க் அனுப்பவா

ராஜு பெரியப்பா: வேண்டாம். அவனுடையதை எடுத்து வை அபி. அந்த 2014

அபி: சரி பெரியப்பா. ஆனால் மதுரையில் ப்ளேயர் இருக்கிறதா?

ராஜு பெரியப்பா: அப்பாவுடையது மாடியில் இருக்கிறது

கலா அத்தை: அதில் எலி கூடு கட்டியிருக்கு அண்ணே. பெல்ட்டும் போய்விட்டது

கார்த்தி: சென்னையில் பெல்ட் மாற்றித் தருகிறவர் ஒருவரைத் தெரியும், ஊசியையும் பார்க்கச் சொல்கிறேன். ஆனால் யாராவது சென்னைக்கு எடுத்து வரணும்

பாலு மாமா: அமெரிக்காவில் இருந்து மதுரைக்கு ஒரு தட்டை யார் கொண்டு போவது

செந்தில்: நான் பொங்கலுக்கு வருகிறேன், கையில் எடுத்து வருகிறேன். பெட்டியில் போட்டால் உடைந்துவிடும்.

கலா அத்தை: அப்படியே உருளியையும்

மீனா சித்தி: மதினி

அபி: அப்போ கடைக்காரரிடம் என்ன சொல்ல? செந்தில் அண்ணன் ஒரு பெட்டி, மீதி மூன்றை அவரிடம் கொடுக்கலாமா?

செந்தில்: நான் வந்து பார்த்தபிறகு சொல்லலாமா? மூன்றுக்குள்ளும் என்ன இருக்கிறது என்று தெரியாது. ஜீன் டெய்லர் தனியாக வாசித்த ஒன்று சித்தப்பாவிடம் இருந்தது. அவர் 2021 பிப்ரவரியில் ஆஸ்டினில் பனிப்புயல் அடித்து ஊரே கரண்ட் இல்லாமல் கிடந்த நாட்களில் குளிர் வீட்டில் இறந்தார், அந்தச் செய்தியைப் படித்துவிட்டுச் சித்தப்பா எனக்கு போன் பண்ணிச் சரியாகப் பேசவே இல்லை. அதைத் தெரியாமல் கொடுத்துவிடக் கூடாது.

பாலு மாமா: லாரி 9 மணிக்கு. நீ எத்தனை மணிக்கு வருகிறாய்?

செந்தில்: ஆறு ஆறரை. வழியில் மலை ஏறும் இடத்தில் எப்படி இருக்கும் என்று பார்க்கணும்.

மீனா சித்தி: இட்லி ஊற்றி வைக்கிறேன். கிரைண்டரை அதற்கு அப்புறம் கட்டிக்கொள்ளலாம்

அபி: கடைக்காரரிடம் நாளை மதியம் என்று சொல்லிப் பார்க்கிறேன். ஒத்துக்கொள்ளாவிட்டால் என்னைத் திட்டாதீர்கள்

கலா அத்தை: திதி பற்றி யாரும் பதில் சொல்லவில்லை

ராஜு பெரியப்பா: 👍

கார்த்தி: மாமா அது எதற்கு தம்ஸ் அப், திதிக்கா ரெக்கார்டுக்கா