பொருள்: மறு: எலக்ட்ரானிக் ரைபிள் ஸ்கோப்புக்குத் தமிழில் என்ன பெயர்? (கணிநோக்கி)

அன்பர்களுக்கு வணக்கம். துப்பாக்கியில் பொருத்தும் மின்னணு ஸ்கோப்புக்கு 'கணிநோக்கி' என்று நான் சொன்ன பெயரைப் பற்றி இந்த இழையில் எழுந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> 'திறன்நோக்கி' போதுமே. திறன்பேசி ஏற்கெனவே பழகிவிட்டதல்லவா?

பழகிவிட்டது உண்மைதான். ஆனால் எந்தத் திறன் என்று அந்த ஒட்டு சொல்வதே இல்லை. இருட்டில் உடல் வெப்பத்தைக் காட்டும் ஸ்கோப்பையும் திறன்நோக்கி என்றுதான் சொல்லவேண்டிவரும். 'மின்னணு உதவியுடன் இயங்கும் துப்பாக்கித் தொலைநோக்கி' என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அது விளக்கவுரை, பெயரல்ல.

கருவி என்ன செய்கிறது என்று பார்த்தால் பெயர் தானாக வரும். சாதாரண ஸ்கோப் இலக்கைப் பெரிதாக்கிக் காட்டும், நடுவில் குறிக்கோடு இருக்கும், அவ்வளவுதான். குண்டு தொலைவு போகப் போகத் தாழும். எவ்வளவு தாழும் என்று மனக்கணக்குப் போடுவது சுடுபவரின் பாடு. புதிய கருவி அந்தக் கணக்கைத் தன் தலையில் ஏற்றிக்கொள்கிறது. 2022 ஜனவரியில் அமெரிக்கத் தரைப்படை வோர்டெக்ஸ் நிறுவனத்துக்கு ஒப்பந்தம் கொடுத்த எக்ஸ்எம்157 நல்ல உதாரணம். 1 முதல் 8 மடங்கு வரை பெரிதாக்கும் கண்ணாடி, கூடவே லேசர் தொலைவுமானி, சூழலை அளக்கும் உணரிகள், திசைகாட்டி, கணக்குப் போட ஒரு குட்டிக் கணினி. எங்கே குறி வைக்கவேண்டும் என்ற விடை பார்வைக்குள்ளேயே ஒளிர்ந்து தெரியும். பேட்டரி தீர்ந்தாலும் கண்ணாடியில் பொறித்த குறிக்கோடு மிஞ்சும். ஆகவே அடியில் இருப்பது பழைய நோக்கிதான், கணக்கு மேலே ஏறியிருக்கிறது. கணினியைத் தந்த அதே வேரிலிருந்து 'கணிநோக்கி' என்கிறேன்.

> கணி என்றால் சோதிடம் அல்லவா நினைவுக்கு வருகிறது?

வரட்டுமே! தொலைவை லேசர் அளந்துவிடும், காற்றழுத்தத்தை உணரி சொல்லிவிடும். காற்றுதான் பிடிகொடுப்பதில்லை. துப்பாக்கி இருக்கும் இடத்தில் அடிக்கும் காற்றை அளப்பது எளிது. குண்டு போகும் வழி நெடுக, நடுவில் ஒரு பள்ளமோ மரவரிசையோ இருந்தால், அங்கே காற்று எப்படி வீசுகிறது என்பது வேறு கதை. வழியிலுள்ள குறுக்குக்காற்றை லேசரால் அளக்க 'ஒன் ஷாட்' என்றொரு ஆய்வுத் திட்டத்தையே அமெரிக்கப் பாதுகாப்புத்துறையின் ஆய்வு அமைப்பான டார்ப்பா நடத்தியது. அது கைக்கடக்கமாக வரும்வரை கருவி காட்டும் புள்ளி பாதி அளவீடு, பாதி ஊகம். அளவி, மானி என்று பெயர் வைத்தால்தான் பொய்யாகிவிடும். கணிப்பு என்பதே நேர்மையான சொல்.

வானியல்காரர்கள் தங்கள் கணினித் தொலைநோக்கிக்கும் இதே பெயரைக் கேட்டால்? அகராதியில் 'கணிக்குறிநோக்கி' என்று முழுதாகப் போட்டுக்கொள்ளலாம், பேச்சில் குறுகிவிடும்.

அப்புறம், இழையில் யாரும் தொடாத ஒன்று. எல்லாக் கருவியும் புள்ளியைக் காட்டிவிட்டு ஒதுங்கி நிற்பதில்லை. 2013இல் டிராக்கிங்பாயின்ட் என்ற அமெரிக்க நிறுவனம் விற்ற துப்பாக்கியில் இலக்கை முதலில் குறித்துவைத்துவிட்டு விசையை இழுத்துப் பிடிக்கவேண்டும். குறியும் கணக்கும் ஒன்றுசேரும் கணத்தில் கருவியே சுடவிடும். இஸ்ரேலின் ஸ்மாஷ் கருவி பறக்கும் ட்ரோனை அதே முறையில்தான் வீழ்த்துகிறது. டிராக்கிங்பாயின்டின் வைஃபை வழியே நுழைந்து, குண்டின் எடையை மாற்றிக் கொடுத்து, பக்கத்து இலக்கில் பட வைக்கலாம் என்று 2015இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் இருவர் செய்தே காட்டினார்கள். ஆனாலும் விசையை மனிதவிரல் இழுக்காமல் அவர்களால் சுடவைக்க முடியவில்லை.

சொல்லிக்கொடுப்பதும் சுடவிடுவதும் ஒன்றல்ல. இரண்டையும் கணிநோக்கி என்றால் விரலுக்கும் கருவிக்கும் உள்ள பங்கு மறைந்துபோகும். 'பூட்டுநோக்கி' எனக்குப் பிடிக்கவில்லை, அதில் 'லாக்' என்ற ஆங்கிலச் சொல்லின் நிழல் விழுகிறது. அம்பு விடுகிறோம், பாணம் விடுகிறோம் என்பதால் 'விடுநோக்கி' என்று யோசித்தேன். ஆனால் உரக்கச் சொல்லிப் பார்த்தால் 'விட்டுவிடு' என்பதுபோல் கேட்கிறது. இதைவிட நல்லது யாரிடமாவது இருக்கிறதா?