மறு: நான்-இன்வேசிவ் குளுக்கோஸ் சென்சார் – ‘ஊடுருவா’ வேண்டாமே

அனைவருக்கும் வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலில், தோலைத் துளைக்காமல் சர்க்கரையை அளக்கும் நான்-இன்வேசிவ் குளுக்கோஸ் சென்சாருக்கு ‘ஊடுருவா உணரி’ என்று போட்டிருக்கிறீர்கள். சென்சாருக்கு ‘உணரி’ என்பதில் எனக்கும் சம்மதம். நான்-இன்வேசிவ் என்பதற்கு ‘ஊடுருவா’ என்பதுதான் உறுத்துகிறது. கையில் கட்டியிருக்கும் ஸ்மார்ட்வாட்ச்சைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள், பச்சை விளக்கு மினுக்கும். அந்த ஒளி தோலுக்குள் போய், இரத்தம் உறிஞ்சியது போக மீதி திரும்பி வருவதை வைத்துத்தான் நாடித்துடிப்பையே எண்ணுகிறார்கள். சர்க்கரைக்கு அகச்சிவப்பு ஒளியை அனுப்பிப் பார்க்கும் ஆய்வுகளும் இதே வழியில்தான் போகின்றன. ஊடுருவுவதே அதன் வேலை, அதற்குப் போய் ‘ஊடுருவா உணரி’ என்றால் எப்படி?

என் பரிந்துரை ‘குத்தா உணரி’. வாடா மலர், ஓயா அலை போலத்தான், இலக்கணம் இடிக்காது. கொச்சையாக இருக்கிறது என்பீர்கள். ஆனால் சர்க்கரை உள்ளவர் வீட்டில் புழங்கும் சொல் அதுதான். எங்கள் வீட்டில் அம்மா “இரு, குத்திப் பார்த்துட்டு வரேன்” என்று சொல்லி உட்கார்ந்த பிறகுதான் காலைக் காப்பி. மோதிர விரலின் ஓரமெல்லாம் புள்ளி புள்ளியாகக் காய்த்துப் போயிருக்கிறது. அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் போன வருடம், சர்க்கரை காட்டும் என்று விற்ற மலிவான வாட்ச் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். நாலு இட்லி சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குத்தினால் 212, வாட்ச்சில் வெறும் வயிற்றில் காட்டிய அதே 108! அதை நம்பி மாத்திரையை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தோலைத் துளைக்காமல் சர்க்கரையை அளக்கும் வாட்ச், மோதிரம் எதற்கும் அனுமதி தரவில்லை, பயன்படுத்தாதீர்கள் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே 2024 பிப்ரவரியில் எச்சரித்திருக்கிறது.

அப்புறம், சர்க்கரை பார்க்கப் புஜத்தில் ஒட்டிக்கொள்ளும் வில்லையையும் பட்டியலில் இதே தலைப்பில் சேர்த்திருக்கிறீர்கள். அது வேறு. அதில் மெல்லிய இழை ஒன்று தோலுக்கடியில் போய் உட்காரும், இரத்தத்தில் அல்ல, செல்களுக்கு இடையிலுள்ள நீர்மத்தில் அளக்கும். ஒட்டும்போது ஒரு குத்து உண்டு, சில வகைகள் 14 நாள் தாங்கும். அதற்குத் ‘தொடர் சர்க்கரை உணரி’ என்று தனியாகவே பதிவோம்.

இன்னொன்று. புஜத்தில் பட்டை கட்டாமல் இரத்த அழுத்தம் காட்டும் கருவிக்குப் ‘பட்டையிலா அளவி’ என்று இருப்பதில் ‘அளவி’ வேண்டாம், ‘கணிப்பி’ என்று மாற்றலாமா? சாம்சங் வாட்ச்சில் 28 நாளைக்கு ஒருமுறை புஜப்பட்டைக் கருவியில் அளந்து அந்த எண்ணைக் கொடுத்தால்தான் அது சொல்லும். நாடியின் அலையை வைத்துக் கணித்துச் சொல்வதை அளப்பது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

‘துளையிலா உணரி’ என்று முடிவானாலும் சரி, நான் மறுக்க மாட்டேன். ‘ஊடுருவா’வை மட்டும் எடுத்துவிடுங்கள்.